உடன் வருவோர்



நான் தலைமையாசிரியனாக இருந்த கடற்கரைச் சிற்றூர்ப் பள்ளியொன்றில், அரையாண்டுத் தேர்வுக்குத் தமிழ் வினாத்தாள் எழுதும் பொறுப்பு ஓராண்டு என்னிடம் வந்தது. 'நண்பன் என்னும் பொருள் தரும் சொற்கள் ஐந்து எழுதுக' என்று ஒரு வினா வைத்தேன். மாணவர் எளிதாக மதிப்பெண் பெறட்டும் என்று வைத்த வினா அது. ஒரு மாணவன் மட்டும் தோழன், துணைவன், சிநேகிதன், பாங்கன் என நான்கு சொற்களை எழுதிவிட்டு, ஐந்தாவதற்கு உரிய இடத்தில், 'கூட்டாளி என்று எழுதலாம். ஆனால் கூட்டாளி வேறு, நண்பன் வேறு' என்று எழுதியிருந்தான். கேட்டதற்கு விடை தராமல் வாதம் செய்கிறான் என்று எண்ணி, சிவப்பு மையால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தேன். ஒரு மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

அந்தக் கோடு முறையானதுதானா? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். அதற்காகச் சற்றே நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கும். உறையூருக்கும் தஞ்சைக்கும் போய், கடல் கடந்து பொலன்னறுவைக்கும் சென்று திரும்ப வேண்டும்.

என் பக்கத்தில் ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகள் ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை ஒரே கயிற்றில் கோத்துத் தருபவை. திண்ணைப் பள்ளிக் காலத்து மாணவர் அவற்றை நெட்டுருச் செய்தே சொல்வளம் பெற்றனர். நானும் அந்த வழியில் வந்தவர்களிடம் பாடம் கேட்டவனே. ஆனால் எந்தச் சொல் எந்தத் தொழிலில் பிறந்தது, எந்தக் கடமையைச் சுமந்தது என்பதையெல்லாம் நிகண்டு நமக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்ல வரலாறு வேண்டும்.

முதலில் நட்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நள்ளுதல் என்றால் நெருங்குதல், செறிதல். எனவே நண்பன் என்பவன் நெருங்கி நிற்பவன். பாங்கு என்பது பக்கம். பாங்கன் பக்கத்தில் நிற்பவன். அகப்பொருள் நூல்களில் தலைவனுக்கு அருகிருந்து இடித்துரைக்கும் உரிமை பெற்றவன் அவன். தலைவியைச் சூழ்ந்து விளையாடும் மகளிர் கூட்டத்துக்கு ஆயம் என்று பெயர். அந்த ஆயத்துள்ளும் உயிருக்குயிராக நிற்பவள் ஒருத்தியே தோழி எனப்படுவாள். ஆயத்தார் பலர், தோழி ஒருத்தி என்ற இந்த வேறுபாட்டைச் சங்கப் புலவர் மறந்ததேயில்லை. சிநேகம் என்ற வடசொல்லுக்கு எண்ணெய்ப் பசை என்றும் ஒரு பொருள் உண்டு; ஒட்டிக்கொள்வது என்ற கருத்திலிருந்து அன்புக்குப் பெயராயிற்று. இவை யாவும் அருகில் இருத்தலையே அடிப்படையாகக் கொண்ட சொற்கள்.

அப்படியானால் அருகில் இல்லாதவன் நண்பன் ஆகமாட்டானா? இந்த வினாவுக்குப் புறநானூறு ஒரு நிகழ்ச்சியால் விடை தருகிறது. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனுக்கும் அவன் மக்கள் இருவருக்கும் பகை மூண்டது. தந்தை மக்கள்மேல் படை திரட்டினான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர், இந்தப் போரில் நீ வென்றால் உன் நாட்டை யாருக்குக் கொடுப்பாய் என்ற கருத்துப்படக் கேட்டுத் தடுத்தார். அரசன் போரைக் கைவிட்டான். ஆயினும் வாழ விருப்பமின்றி, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணா நோன்பிருந்து உயிர்விடத் துணிந்தான். அப்போது, 'பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்து ஆந்தையார் வருவார். அவருக்கும் இடம் ஒதுக்குங்கள்' என்றான். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. சூழ இருந்தோர் ஐயுற்றனர். ஆனால் ஆந்தையார் வந்தார். அரசனோடு உடன் அமர்ந்தார்.

இக்கதை உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். திருக்குறளில் நட்பைப் பற்றிய அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகரும், பழகாமலே உணர்ச்சியால் ஒன்றிய நட்புக்கு இவ்விருவரையே சான்று காட்டுகிறார். ஆனால் அதே நிகழ்ச்சியில் மூன்றாவது மனிதர் ஒருவர் இருக்கிறார். பாடநூல்கள் அவரை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அவர் பொத்தியார், அரசனோடு நாளும் பழகிய புலவர். அவரும் உடன் வடக்கிருக்க விரும்பினார். அரசன் அனுமதிக்கவில்லை. 'உன் மனைவி கருவுற்றிருக்கிறாள். மகன் பிறந்த பிறகு வா' என்று திருப்பி அனுப்பிவிட்டான். பொத்தியார் போனார். குழந்தை பிறந்தது. அவர் திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாகி நின்றான். அந்தக் கல்லிடம் தமக்குரிய இடம் எது என்று கேட்டுப் பாடியதாக இரண்டு பாடல்கள் புறநானூற்றில் உள்ளன.

என் உள்ளத்தை ஆந்தையாரைவிடப் பொத்தியாரே மிகுதியாக உருக்குகிறார். காணாத நண்பருக்கு அரசன் இடம் ஒதுக்கினான். கண்டு பழகிய நண்பரையோ வீட்டுக்கு அனுப்பினான். இரண்டும் அன்பினால் செய்தவையே. ஆனால் இரண்டையும் நட்பு என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட்டால், பொத்தியார் வழியில் நடந்துபோன அந்த நாட்கள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். திருவள்ளுவரும் நட்பு என்று ஓர் அதிகாரம் எழுதியதோடு நிறைவு கொள்ளவில்லை. நட்பாராய்தல், பழைமை, தீநட்பு, கூடாநட்பு என 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் பழைமை என்பது, நெடுநாள் பழகியவர் கேளாமல் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுத்துக்கொள்வது பற்றியது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் அந்த அதிகாரத்தை இரண்டு முறை படிப்பது நல்லது!

இனித் தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றில் பல 'வேளைக்காரப் படை' என்று முடிகின்றன. இங்கே எழுத்தைக் கவனியுங்கள். இது வல்லினமோ மெல்லினமோ பற்றிய செய்தி அன்று. லகர ளகரச் செய்தி. வேலைக்காரன் என்றால் கூலிக்கு வேலை செய்பவன். வேளைக்காரன் என்றால் வேளை வரும்போது, அதாவது அரசன் உயிருக்கு ஆபத்து வரும் வேளையில், தன் உயிரைக் கொடுத்துக் காப்பவன். பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் இச்சொல்லுக்கு இவ்வாறே விளக்கம் கண்டார். ஓர் எழுத்து மாறினால் மெய்க்காவலன் ஏவலாள் ஆகிவிடுகிறான். எழுத்துப் பிழைக்கு ஆசிரியர்கள் ஏன் இத்தனை கோபம் கொள்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பாண்டிய நாட்டுச் சாசனங்களிலும் இதைப் போன்ற கூட்டத்தார் வருகின்றனர். அவர்களுக்குத் தென்னவன் ஆபத்துதவிகள் என்று பெயர்.

இத்தகைய உறவு எவ்வாறு தொடங்கிற்று என்பதற்கு அயல்நாட்டார் ஒருவரின் குறிப்பு உதவுகிறது. பாரசீகக் குடாவில் இருந்த சிராப் என்னும் துறைமுகத்தைச் சேர்ந்த அபூ சைத் என்பவர், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலோடிகளிடம் கேட்டறிந்த செய்திகளைத் தொகுத்து எழுதினார். இந்திய அரசர்களுள் சிலர் பட்டம் ஏறும்போது சோறு சமைத்து வாழையிலையில் அவர்கள்முன் படைக்கப்படும். அரசன் உண்டபின், தாமே விரும்பி முன்வரும் முந்நூறு நானூறு துணைவர்கள் ஒவ்வொருவராக வந்து அதில் சிறிது வாங்கி உண்பர். அவ்வாறு உண்டவர் அனைவரும், அரசன் இறக்கும் நாளில் தாமும் தீயில் புகுந்து இறக்கக் கடமைப்பட்டவர் என்று அவர் கூறுகிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும், அரசனைப் பிரியாது உடன் திரியும் வீரர் அவன் ஈமத்தீயில் பாய்வர் என்றும், இவ்வுலகில் துணையாக இருந்தவர் மறுவுலகிலும் துணையாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை என்றும் எழுதினார்.

நம்மவர் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்வதன் முழுக் கனமும் இங்கே தெரிகிறது. ஆங்கிலத்தில் துணைவனைக் குறிக்கும் 'கம்பானியன்' என்ற சொல்லும் ரொட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. உடன் ரொட்டி உண்பவன் என்பது அதன் பொருள். அங்கே ரொட்டி, இங்கே சோறு. ஆனால் ஒரு பிடி சோற்றுக்கு உயிரையே விலையாக வைத்த வழக்கத்தைக் கேட்டு மகிழ என்னால் இயலவில்லை. ஹளேபீட்டில் ஹொய்சளேசுவரர் கோயிலருகே ஒரு தூண் நிற்கிறது. 1220இல் இரண்டாம் வீர வல்லாளன் இறந்தபோது, அவனுடைய மெய்க்காவலனான குவர லட்சுமன் தன் மனைவியோடும் வீரரோடும் உயிர்விட்ட செய்தியை அது கூறுகிறது. வீரம் என்று வியப்பதா, வீண் என்று வருந்துவதா? உடன் மாண்ட மனைவியை யாராவது கேட்டார்களா என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேளைக்காரர் எல்லாரும் இப்படிக் கேள்வியின்றி மாண்டவர் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஈழ நாட்டில் முதலாம் விசயபாகு, சோழர் ஆட்சியை நீக்கி 1070இல் பொலன்னறுவையைக் கைப்பற்றியவன். அவனிடமும் வேளைக்காரப் படை இருந்தது. கர்நாடக அரசனிடம் அவன் அனுப்பிய தூதரைச் சோழர் மூக்கும் காதும் அறுத்து அனுப்பிவிட, சினம் கொண்ட விசயபாகு சோழ நாட்டின்மேல் படையெடுக்க ஆயத்தமானான். கப்பலேற வேண்டிய வேளையில் வேளைக்காரர் மறுத்தனர். மறுத்ததோடு நில்லாமல் படைத்தலைவர் இருவரைக் கொன்றனர். அரசனின் தங்கையையும் அவள் மக்களையும் சிறைப்பிடித்தனர். அரண்மனைக்குத் தீ வைத்தனர். அரசன் தப்பியோடிப் பிறகு படை திரட்டி வந்து கலகத்தை அடக்கினான். கலகத் தலைவர்களைக் கொலையுண்ட படைத்தலைவர்களின் ஈமத்தீயைச் சுற்றிக் கட்டிவைத்து எரித்தான். சூளவம்சம் என்னும் பாலிமொழி வரலாற்று நூல் இதனை விரித்துரைக்கிறது.

அந்நூல் அரசன் பக்கம் நின்று எழுதப்பட்டது. வேளைக்காரர் தம் பக்கத்து நியாயத்தை எழுதி வைத்த ஏடு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கடலுக்கு அப்பால் இருந்தவர் அவர்களுக்கு உறவினரா, பழைய தலைவரா? உயிர் கொடுப்பேன் என்று உறுதி சொன்னவன், எவருக்கு எதிராகவும் உயிர் கொடுப்பேன் என்று சொன்னதாக ஆகுமா? வரலாற்று மாணவர் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

இதன்பின் நடந்தது இன்னும் வியப்பானது. 1110இல் விசயபாகு இறந்தான். அரசுரிமைக்குப் பூசல் எழுந்த அந்தக் காலத்தில், புத்தர்பெருமானின் புனிதப் பல்லை வைத்திருந்த கோயிலுக்குப் பாதுகாவல் தேவைப்பட்டது. முகலன் என்னும் மகாதேரர் யாரை அழைத்தார் தெரியுமா? அதே பெயர் கொண்ட வேளைக்காரரையே அழைத்தார்! அவர்கள் ஒப்புக்கொண்டு பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது. வடமொழிச் சுலோகத்தோடு தொடங்கித் தமிழில் செல்லும் அக்கல்வெட்டில், வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் முதலிய பல பிரிவினர் ஒன்றுகூடி, கோயிலுக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன்' என்ற தம் பெயரையே இட்டு, தம் மரபு உள்ளவரை, தாம் அழிய நேர்ந்தாலும் அதனைக் காப்பதாக உறுதி கூறுகின்றனர். வேற்று மொழியார் நாட்டில், வேற்றுச் சமயத்தாரின் கோயிலுக்கு அளித்த வாக்குறுதி அது. பலமொழி பேசிய இவ்வீரர்களைப் பிணைத்தது குலமும் அன்று, ஊரும் அன்று; அவர்கள் கூறிய ஒரே உறுதிமொழிதான்.

அந்தக் கல்வெட்டில் என் கவனத்தைக் கவர்ந்த இடம் வேறொன்று. உறுதிமொழி எடுக்குமுன் அவ்வீரர்கள் வணிகர் குழுவினரைக் கூட்டுகின்றனர். வளஞ்சியரைத் தம் மூதாதைகள் என்கின்றனர். நகரத்தாரையோ தம்மோடு கூடி வருபவர் என்கின்றனர். கூடி வருபவர்! நண்பர் என்றும் சொல்லவில்லை, சுற்றத்தார் என்றும் சொல்லவில்லை. போர்வீரனும் வணிகனும் ஒரே பாதையில் நடந்த காலத்தின் சொல் இது.

வணிகர் தனித்துச் சென்றால் கொள்ளைக்கு இரையாவர். ஆதலால் கூட்டமாகச் சென்றனர். அந்தக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். கோவலனின் தந்தையை மாசாத்துவான் என்று சிலப்பதிகாரம் அழைப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா? பெருஞ்சாத்தின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின், 1088ஆம் ஆண்டைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டொன்று சுமத்திரா தீவின் பாரூசு என்னும் இடத்தில் கிடைத்தது. கற்பூரத்துக்குப் பெயர்போன துறை அது. அத்தனை தொலைவு சென்றவனுக்கு உடன் வருபவனின் குணத்தைவிட, அவன் சொன்ன சொல்லைக் காப்பானா என்பதே பெரிது. இரவில் சரக்குக்குக் காவல் இருப்பவன் உறங்கிவிட்டால் எல்லாருக்கும் முடிவு. வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் இறைவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு மூட்டையோடு சென்ற வணிகன் ஒருவனுக்கு வேடன் வடிவில் துணை வந்தார் என்பது தலபுராணம். வழிப்பயணத்தின் அச்சம் எத்தகையது என்பதை அந்தப் பெயரே காட்டும்.

உங்களுக்கு உரிய சொல் ஒன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒரே ஆசிரியரிடம் ஒரே இடத்தில் பயின்றவரைப் பழைய உரையாசிரியர்கள் ஒருசாலை மாணாக்கர் என்றனர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு. ஒருவன் இயற்றிய நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தகுதி உடையவர் யார் என்று வரையறுக்கும் நன்னூலார், அவனுடைய ஆசிரியரோடும் மாணவரோடும் உரையாசிரியரோடும் உடன் கற்றவனையும் சேர்க்கிறார். பக்கத்துப் பலகையில் இருந்தவனுக்கு நம் அறிவின் அளவு தெரியும் அல்லவா!

இனிப் பங்காளி, கூட்டாளி என்ற சொற்களுக்கு வருகிறேன். பங்கு உடையவன் பங்காளி. சொத்தில் பங்கு உடைய தாயாதிகளைக் குறித்து, பிறகு பங்காளிக் காய்ச்சல் என்று பொறாமைக்கே பெயராகிவிட்டது இச்சொல். கூட்டாளிக்கு அந்தக் கதி நேரவில்லை. கூட்டு என்பது விரும்பிச் சேர்வது, பிறப்பால் வருவதன்று.

அந்தத் தேர்வு முடிந்து சில நாட்களில், மாணவனின் தந்தை வேறொரு காரியமாகப் பள்ளிக்கு வந்தார். படகில் கடலுக்குச் சென்று மீன் பிடிப்பவர். பேச்சோடு பேச்சாக, கூட்டாளிக்கும் நண்பனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். மகனுடைய விடைத்தாளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சிறிதும் தயங்காமல் சொன்னார்: "நண்பன்னா, சண்டை வந்தா பேசாம இருந்துக்கலாம் ஐயா. கூட்டாளின்னா, ராத்திரி சண்டை போட்டாலும் விடியக்காலம் அதே படகுலதானே ஏறணும்?" படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கும் முறையையும் விளக்கினார். காய்ச்சலில் படுத்த கூட்டாளியின் வீட்டுக்கு அன்றைய மீனில் கொஞ்சம் போய்ச் சேராவிட்டால், கரையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றும் சொன்னார்.

அவர் சென்றபின் விடைத்தாள் கட்டை எடுத்துவரச் சொன்னேன். மதிப்பெண்ணைக் கூட்டிப் பதிவேட்டிலும் திருத்தினேன். சிவப்புக் கோட்டை மட்டும் அழிக்க இயலவில்லை. அதன் பக்கத்தில் 'விடை சரி' என்று எழுதி, கையொப்பமும் தேதியும் இட்டு, மறுநாள் வகுப்பில் அவனிடமே கொடுத்தேன்.